வாயுவா, பிள்ளையா?

வயிற்றுக்குள் ஏதோ உருண்டு போகிறது. பிள்ளை அசைந்ததா, வாயு ஓடியதா? தலைச்சன் பிள்ளையைச் சுமப்பவர்கள் ஐந்தாம் மாதத்திலிருந்து மாமியாரிடமும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் கேட்கும் கேள்வி இது. மலச்சிக்கலும் உப்புசமும் உள்ளவர்களுக்கோ பிரசவம் வரைக்கும் இந்தச் சந்தேகம் தீராது.

வடசென்னையின் எர்ணாவூரில் வயிற்றைப் புரட்ட வெளிக்காரணங்களும் உண்டு. கர்ப்பத்தில் மோப்பம் கூர்மையானதுபோலப் பலருக்குத் தோன்றும். மணலி, எண்ணூர் பக்கமிருந்து ஆலை வாடை வந்தால் குமட்டிக்கொண்டு வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு இந்தப் பகுதிக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவுக்கு ஓடி வந்தார்கள். இங்கே ஒரு பெண்ணுக்கு வாந்தியோ வயிற்றுப் பொருமலோ வந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

கர்ப்பத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரான் குடலின் தசையைத் தளர்த்திவிடுகிறது. சாப்பிட்டது மெதுவாக நகர்கிறது, வாயு சேர்கிறது, மலம் இறுகுகிறது. சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சத்து மாத்திரையில் உள்ள இரும்பு அதை இன்னும் கூட்டும். மலம் கறுத்துப் போவதும் அதனால்தான். பயந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. டீ, காபியோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாமல் இடைவெளி விட வேண்டும். கீரை, பழம், நடை இவற்றோடு தண்ணீரும் வேண்டும். வேலை செய்யும் இடத்தில் நல்ல கழிப்பறை இல்லாத பெண்கள் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். அவர்களிடம் நிறையத் தண்ணீர் குடி என்று சொல்லிவிட்டுப் போவது மட்டும் போதாது. விளக்கெண்ணெய் மட்டும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம், அது கருப்பையையும் கிளறிவிடும்.

முதல் அசைவு பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்துக்குள் தெரியும். இரண்டாவது பிள்ளை என்றால் 16 வாரத்திலேயே தெரியலாம். நச்சுக்கொடி கருப்பையின் முன்பக்கம் ஒட்டியிருந்தால் உதை மெத்தை வழியாக வருவதுபோல மங்கலாக இருக்கும். 24 வாரம் வரை எதுவுமே தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். வாயு பெரும்பாலும் இரைச்சலோடு ஓடும், ஏப்பமோ காற்றோ பிரிந்தால் அடங்கும். பிள்ளையின் அசைவு ஓரிடத்தில் தட்டும், அழுத்தும், புரளும். நாளாக ஆகப் பெரும்பாலோருக்கு இந்த வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

பிள்ளையின் அசைவை வாயு என்று நினைத்துவிட்டால் நட்டமில்லை. வாயு ஓடுவதைப் பிள்ளையின் அசைவு என்று நம்பி நிம்மதியாகப் படுத்துவிடுவதுதான் ஆபத்து. வயிறு நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு இது எளிதில் நேரும். ஆகவே சந்தேகமான உருளலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சாப்பிட்ட பிறகு இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்து, வேறு வேலை இல்லாமல் கவனிக்க வேண்டும். 28 வாரத்துக்கு மேல், இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவாவது வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. வயிற்றுப் பிள்ளை ஒரு தூக்கத்துக்கு 20 முதல் 40 நிமிடம் அசையாமல் இருக்கும். 90 நிமிடத்தைத் தாண்டுவது அரிது.

எண்ணிக்கையைவிடப் பெரியது அந்தப் பிள்ளையின் வழக்கம். அதிலிருந்து அசைவு குறைகிறதா என்றுதான் கவனிக்க வேண்டும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 33 மருத்துவமனைகளில், 4 லட்சத்துக்கு மேற்பட்ட கர்ப்பங்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2018இல் லான்செட் இதழில் வந்தது. அசைவு குறைவதைப் பற்றித் தாய்மார்களுக்கு எடுத்துச் சொல்லி, வந்தவர்களை ஒரே முறைப்படி கவனித்தும், பிள்ளைகள் இறந்து பிறப்பது குறிப்பிடும்படி குறையவில்லை. இதைக் காட்டி, கவனித்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அசைவை மட்டும் வைத்து எல்லாப் பிள்ளையையும் காப்பாற்றிவிட முடியாது, உண்மை. ஆனால் உள்ளே நெருக்கடி என்று தாய்க்குத் தெரிய வீட்டில் வேறு எந்த வழி இருக்கிறது? இந்தியாவில் 2019இல் மட்டும் ஏறத்தாழ 3.4 லட்சம் பிள்ளைகள் உயிரில்லாமல் பிறந்ததாக ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன.

மாதம் நிறைந்தால் பிள்ளை அடங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதும் சரியில்லை. இடம் குறைவதால் உதை புரளலாக மாறும். அசைவு குறையக் கூடாது.

"கேஸாத்தான் இருக்கும்மா, ஓமத் தண்ணி குடிச்சிட்டுப் படு" என்ற ஆறுதல் வேறொன்றையும் மறைத்துவிடும். மேல்வயிற்றிலோ வலது விலா எலும்புக்குக் கீழோ வலி, கூடவே தலைவலி, கண் மங்கல், முக வீக்கம் என்றால் அது இரத்த அழுத்தம் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். சொறியோ தடிப்போ இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் அரித்தால் கல்லீரலைச் சோதிக்க வேண்டும். இரண்டுமே பிள்ளையைப் பாதிக்கும்.

28 வாரத்துக்கு மேல் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அதையும் கணக்கில் வைத்து முன்கூட்டியே கிளம்ப வேண்டும், 108ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். ராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. இப்படிப் போனால் பிள்ளையின் இதயத் துடிப்பைச் சிறிது நேரம் பட்டை கட்டிப் பதிவு செய்வார்கள். தேவைப்பட்டால் ஸ்கேனில் பனிக்குட நீரையும் இரத்த ஓட்டத்தையும் பார்ப்பார்கள். கடையில் விற்கும் துடிப்புக் கருவியை வீட்டில் வைத்துக் கேட்டுச் சமாதானம் அடைவது இதற்கு ஈடாகாது. தாயின் இரத்த ஓட்டச் சத்தத்தையே பிள்ளையின் துடிப்பு என்று அது ஏமாற்றும்.

பெரும்பாலும் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்புவார்கள். அப்படி வந்தவரை, சும்மா பயந்து ஆட்டோ காசைக் கரைத்தாய் என்று வீட்டில் யாரும் கடியக் கூடாது. அடுத்த வாரம் மறுபடி அசைவு குறைந்தால் அவர் மறுபடி போக வேண்டும். இரண்டாம் முறை குறைவதை மருத்துவர்கள் முதல் முறையைவிடக் கவனமாகப் பார்ப்பார்கள்.