ஒரு கொப்பிக்குள் முழு மலையும்!

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் டிஸ்பென்சரி. காலை ஏழு மணி. பெரட்டுக் கலைந்து பெண்கள் கூடையோடு மலையேறிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே ஒரு மேசை, ஒரு கட்டில், ஒரு மருந்து அலுமாரி. இவ்வளவுதானா என்று தோன்றும். பொறுங்கள், அலுமாரியைத் திறக்கட்டும்!

முதலில் கண்ணில் படுவது ஒரு சின்னத் தட்டு. ஊசி, பஞ்சு, அட்ரினலின். தடுப்பூசி போடும் கிளினிக் எதுவானாலும் இந்தத் தட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். குழந்தைக்கு ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனால் காப்பாற்ற வந்த மருந்து அது. ஆனால் மலையில் குளவி கலைந்து கொட்டி, கொழுந்து பறித்தவர் மூச்சுத் திணறி விழுந்தால்? அப்போதும் உயிரைப் பிடித்து வைப்பது அதே அட்ரினலின்தான்! நுவரெலியா மாவட்டத்தில் குளவிக் கொட்டுச் செய்தி வராத மாதம் அரிது. பெரிய ஆஸ்பத்திரி தொலைவில் இருக்கிறது. முதல் பத்து நிமிடம் இந்த அறையின் கையில் இருக்கிறது.

அடுத்து, குளிர்ப்பெட்டி. 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரை. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மண் சரிந்து கரண்ட் போய்விட்டால் ஐஸ் கட்டிகளை அடுக்கித் தடுப்பூசியைக் காப்பாற்றுவார்கள். அதற்கும் பழகி வைத்திருக்கிறார்கள்!

கீழ்த் தட்டில் ஜீவனி பக்கற்றுகள். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு பக்கற்று. வெள்ளம் வடிந்த பிறகு வயிற்றோட்டம் வரும், சேற்றில் கால் வைத்தவருக்கு எலிக்காய்ச்சல் வரும். தண்ணீர்த் தொட்டியில் குளோரின் இடுவதும், எலிக்காய்ச்சல் ஆபத்து உள்ளவருக்கு டொக்சிசைக்ளின் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பாடு.

இனி, இந்த அறையின் உண்மையான பொக்கிஷம்: மருத்துவ மாதுவின் கொப்பி! மாதம் நிறைந்த பிள்ளைத்தாச்சி எந்த லயத்தில், எத்தனையாவது காம்பராவில் இருக்கிறார்? போன வாரம் பிறந்த குழந்தை எது? எந்தப் பிள்ளை நிறை குறைவு? எல்லாம் இதில் இருக்கிறது. கர்ப்பிணிக்கு எழுதும் பதிவு அட்டை இரண்டு. ஒன்று தாயிடம், மற்றது மருத்துவ மாதுவிடம். லயமே மண்ணுக்குள் போனாலும் அந்தத் தாயின் இரத்த வகையும் பிரசவத் திகதியும் தொலைவதில்லை. எத்தனை அழகான ஏற்பாடு!

மலை எப்போது அசையும் என்பதற்கும் கணக்கு உண்டு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு. 100ஐத் தாண்டினால் தயார்நிலை. 150 ஆனாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்த அளவுகள் இவை. அறிவிப்பு வந்ததும் கோவிலுக்கும் பாடசாலைக்கும் சனம் ஓடும். ஆனால் யாரை முதலில் தூக்க வேண்டும்? படுக்கையில் கிடக்கும் தாத்தாவையா, இன்சுலின் போடும் அப்பாயியையா, வலி கண்ட மருமகளையா? அதற்கு விடை சொல்லக்கூடியவர்கள் தோட்ட வைத்தியரும் மருத்துவ மாதுவும்தான்!

கசப்பான பாடம் நமக்கு உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலை, பக்கத்துப் பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் மலை லயங்களின் மேல் இறங்கியது. 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்ட இடம் அது. எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது, வீட்டு வாசலுக்கு வந்து கைபிடித்துக் கூட்டிப்போகவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலைநாட்டின் பாதைகள் அறுந்தன, தொலைபேசி ஊமையானது. 1990ஐ அழைத்தால் இலவசமாக ஓடிவரும் அம்புலன்ஸும் அறுந்த பாதையில் என்ன செய்யும்? அப்படிப்பட்ட இரவில் மலைக்குள்ளேயே இருக்கும் ஆஸ்பத்திரி இந்தச் சின்ன அறை மட்டும்தான்.

தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் பிறந்தது 1872இல். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் தோட்ட மருத்துவம் அரச சுகாதாரச் சேவையோடு முழுமையாகச் சேரவில்லை. அனர்த்தத் திட்டம் போடும் மேசையில் மருத்துவ மாதுவுக்கும் தோட்ட வைத்தியருக்கும் ஒரு கதிரை போடுங்கள். அலுமாரியை மழைக்கு முன்னே நிரப்புங்கள்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வீட்டில் பிள்ளைத்தாச்சி இருந்தாலும், நடக்க முடியாத பெரியவர் இருந்தாலும், ஒக்டோபர் மழை இறங்கும் முன் டிஸ்பென்சரிக்குப் போய் அவர்கள் பெயரைக் கொப்பியில் ஏற்றிவிட்டு வாருங்கள்.