எர்த் பின்னை உடைத்தால் இரைச்சல் போகும், உரிமையும் போகும்

கம்ப்யூட்டர் சவுண்ட் கார்டிலிருந்து ஹோம் தியேட்டர் ரிசீவருக்கு ஒரு ஒயர் போட்டதும் பல வீடுகளில் முதலில் கேட்பது பாட்டு அல்ல. 'உம்ம்ம்' என்று அடிக்குரலில் ஓர் இரைச்சல். பாட்டை நிறுத்தினாலும் அது நிற்காது. கடைக்காரர், மெக்கானிக், விஷயம் தெரிந்த பக்கத்து வீட்டுத் தம்பி என்று யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான் சொல்வார்கள்: "த்ரீ பின்ல அந்தப் பெரிய பின்னை எடுத்துட்டு டூ பின்னா மாட்டுங்க சார், ஹம்மிங் நின்னுடும்."

நிற்கும். பெரும்பாலும் உடனே நிற்கும். அதனால்தான் இந்த வைத்தியத்துக்கு இத்தனை செல்வாக்கு. ஆனால் அந்தப் பின் இரைச்சலுக்காக வைக்கப்பட்டது அல்ல, உங்கள் உயிருக்காக வைக்கப்பட்டது. அதை எடுத்துவிட்ட பிறகு பொருளால் ஏதாவது சேதம் வந்தால், விற்றவர் மீது வழக்குப் போடும் உரிமையும் கையை விட்டுப் போகலாம். இந்த இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரியாது.

முதலில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கம்ப்யூட்டர் ஒரு பிளக் பாயிண்டில் எர்த்தைப் பிடிக்கிறது. ரிசீவரோ தனி மின்சாரம் எடுக்கும் சப் வூஃபரோ அறையின் இன்னொரு மூலையில் வேறு பாயிண்டில் இருக்கிறது. டிவிக்கு வரும் கேபிள் ஒயரின் வெளிச்சுற்று தெருவில் வேறெங்கோ எர்த் ஆகியிருக்கிறது. இந்த எர்த்துகளுக்கு இடையே சிறிய வோல்டேஜ் வேறுபாடு எப்போதும் இருக்கும். ஆடியோ ஒயர் இவற்றை ஒன்றாகச் சேர்த்ததும் சுற்று முழுமையாகி, நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதன் வழியே ஓடத் தொடங்குகிறது. ஆம்ப்ளிஃபையருக்கு அது பாட்டா, கசிவா என்று தெரியாது. வந்ததைப் பெருக்கித் தருகிறது. 'கிரவுண்ட் லூப்' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

வீட்டில் எர்த் சரியில்லாவிட்டாலும் இதே போன்ற இரைச்சல் வரும். அது இன்னும் கவலைக்குரியது. கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் மின்சாரத்தை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று பேஸிலிருந்து உலோக உடலுக்குப் போகிறது, மற்றது நியூட்ரலிலிருந்து. இவற்றின் வழியே கொஞ்சம் மின்சாரம் கசிவது இயல்பு, அது எர்த் ஒயரில் இறங்கிவிடும். எர்த் இல்லையென்றால் இறங்க வழி கிடையாது. கேபினெட் முழுவதும் 230 வோல்ட்டில் பாதி, ஏறத்தாழ 115 வோல்ட்டில் நிற்கும். வெறுங்காலோடு நின்று தொட்டால் விரலில் சுரீர் என்கிறதே, "பாடி ஷாக் அடிக்குது" என்று சொல்லிவிட்டு ரப்பர் செருப்பைத் தேடுகிறோமே, அது இதனால்தான். கசிவு மில்லி ஆம்பியர் அளவில் சிறியது என்பதால் அந்தச் சுரீர் மட்டும் ஆளைக் கொல்லாது.

கொல்லக்கூடியது அடுத்த கட்டம். உள்ளே ஒரு இன்சுலேஷன் உரிந்து பேஸ் ஒயர் உலோக உடலைத் தொட்டால், எர்த் இருக்கும் வீட்டில் பெரிய மின்னோட்டம் எர்த் வழியே பாய்ந்து ஃபியூஸோ எம்.சி.பி.யோ விழும். எர்த் பின் இல்லாத வீட்டில் ஒன்றும் நடக்காது. கேபினெட் 230 வோல்ட்டோடு சத்தமில்லாமல் காத்திருக்கும். ஆடியோ ஒயரால் இணைந்திருப்பதால் ரிசீவரின் உடலும், அதில் மாட்டிய ஹெட்ஃபோனின் உலோகப் பகுதியும் அதே நிலைக்கு வந்துவிடும். தொடும் மனிதர்தான் அப்போது எர்த் ஒயர். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்திய வீட்டில் அது மின்சாரத்தைத் துண்டித்துக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. எர்த் சரியாக இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே அது விழுந்திருக்கும்.

பொருளுக்கும் ஆபத்து இருக்கிறது. ரிசீவரின் பின்னால் இருக்கும் சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. துளைகளில் ஒயரைச் செருகும்போது நடுப்பின் முதலில் தொடும், வெளிவளையம் அப்புறம்தான் தொடும். கேபினெட்டில் 115 வோல்ட் நிற்கும் நிலையில் இப்படிச் செருகினால், அந்தக் கண நேரத்தில் வோல்டேஜ் முழுவதும் ஒலி நுழையும் சில்லுக்குள் இறங்கிவிடும். சவுண்ட் கார்டு போய்விட்டது, எச்.டி.எம்.ஐ. போர்ட் எரிந்துவிட்டது என்று வரும் புகார்களில் இதற்கும் பங்கு உண்டு. எந்த ஒயரையும் மாட்டும் முன்பு எல்லாப் பொருள்களின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

இரைச்சலை நேர்வழியில் போக்க

முதலில் டிவி அல்லது செட்டாப் பாக்ஸில் இருக்கும் கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே பிடிபடும். அடுத்து கம்ப்யூட்டர், ரிசீவர், சப் வூஃபர் மூன்றையும் ஒரே நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து எடுங்கள். எல்லாவற்றுக்கும் எர்த் ஒரே இடத்தில் கிடைத்தால் சுற்று சிறுத்துவிடும். அப்படியும் நிற்கவில்லையென்றால் ஆடியோ ஒயரின் நடுவே மாட்டும் 'கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்' என்ற சின்ன டிரான்ஸ்ஃபார்மர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எனக்குப் பிடித்தது ஆப்டிக்கல் ஒயர். 1983-இல் தோஷிபா கொண்டுவந்தது இது. கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இழையில் ஒளிதான் போகிறது, செம்பு இல்லை, எனவே எர்த் சுற்று உருவாகவே முடியாது.

ஆனால் ஆப்டிக்கல் வாங்கும்போது கடையில் ஒரு வார்த்தை சொல்வார்கள்: "இதைப் போட்டா எல்லாமே 5.1-ல வரும்." அதை அப்படியே நம்ப வேண்டாம். அந்த ஒயரில் சுருக்காத ஒலி இரண்டு சேனல்தான் போகும். 5.1 வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டல் அல்லது டி.டி.எஸ். ஆகச் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். படத்தின் ஒலித்தடம் அப்படி இருந்து, பிளேயரும் அதைத் தொடாமல் அனுப்பினால் கிடைக்கும். விளையாட்டின் ஒலியை அந்த நொடியிலேயே சுருக்கி அனுப்பும் வசதி பல மதர்போர்டுகளில் கிடையாது. எட்டு சேனல் வரை சுருக்காமல் போவது எச்.டி.எம்.ஐ.யில். பழைய வழியில் போவதானால், கம்ப்யூட்டரின் பச்சைத் துளை முன் ஸ்பீக்கர்கள், கறுப்பு பின் ஸ்பீக்கர்கள், ஆரஞ்சு நடு ஸ்பீக்கரும் சப் வூஃபரும். மூன்று ஒயர்களால் ரிசீவரின் ஆறு துளைகளில் இணைத்து, விண்டோஸின் சவுண்ட் அமைப்பில் 5.1 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ரிசீவரின் ஸ்பீக்கர் முனைகளிலிருந்து மட்டும் ஒயர் எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகிவிடாதீர்கள். அங்கே வருவது பல மடங்கு அதிக வோல்டேஜ்.

பெட்டிமேல் எழுதியதும் சட்டத்தில் எழுதியதும்

சந்தையில் '5000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று பளபளக்கும் பெட்டிகளுக்குக் குறைவில்லை. அந்தப் பொருளைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். 'ஏ.சி. 230 வோல்ட், 60 வாட்' என்று எழுதியிருக்கும். 60 வாட் மின்சாரத்தை உள்ளே வாங்கும் பெட்டி தொடர்ந்து 5000 வாட் ஒலியை வெளியே தர முடியாது. கேட்க வேண்டியது தொடர்ந்து தரும் திறனைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். அளவை. இரண்டு சேனல் ஒலியை ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்துவிட்டு '5.1' என்று ஒட்டி விற்பதும் இதே வகை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதைத் தவறான விளம்பரம் என்றும் முறையற்ற வணிக நடைமுறை என்றும் பார்க்க இடம் தருகிறது. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

அடுத்தது அசெம்பிள் ஆம்ப்ளிஃபையர். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், தகரப் பெட்டி என்று வாங்கிக் கோத்துத் தருவார்கள். ஒலி நன்றாகவே இருக்கும், அந்தக் கைவினை மீது எனக்கு மரியாதை உண்டு. பயப்பட வைப்பது தகரப் பெட்டியும் அதில் தொங்கும் டூ பின் ஒயரும் சேர்ந்திருப்பதுதான். உலோக உடல் உள்ள பொருளுக்கு, அது இரட்டை இன்சுலேஷனோடு செய்யப்பட்டிருந்தால் தவிர, எர்த் கட்டாயம் வேண்டும். இரட்டை இன்சுலேஷன் உள்ள பொருளில் சதுரத்துக்குள் சதுரம் குறி இருக்கும். குறி இல்லையென்றால் செய்தவரிடமே த்ரீ பின் ஒயர் போட்டு, பச்சை ஒயரைப் பெட்டியோடு முடுக்கித் தரச் சொல்லுங்கள். 2000 வாட் அல்லது அதற்கு மேல் மின்சாரம் எடுக்கும் ஆம்ப்ளிஃபையர்களை 2012-இல் வந்த ஆணை கட்டாயப் பதிவின் கீழ் கொண்டுவந்தது. பதிவு பெற்ற பொருளில் 'ஆர்' என்று தொடங்கும் எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டால் யார் பெயரில் பதிவு என்று காட்டும்.

பில் வாங்காமல் வராதீர்கள். பில் தர மறுப்பதே சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி ஒன்றும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லின் அடியில் அச்சடித்துவிட்டால் குறையுள்ள பொருள் விஷயத்தில் கடைக்காரர் தப்பித்துவிட முடியாது.

இனி எர்த் பின் விஷயம். குறையுள்ள ஆம்ப்ளிஃபையர் உங்கள் கம்ப்யூட்டரை எரித்துவிட்டது, அல்லது ஷாக் அடித்து யாருக்கோ காயம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இழப்பீடு கேட்க 2019 சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது. தயாரித்தவர், விற்றவர், சர்வீஸ் செய்தவர் மூவரும் அதில் வருவார்கள். ஆம்ப்ளிஃபையரின் விலை இந்தக் கணக்கில் சேராது, அதைக் குறையுள்ள பொருள் என்று கேட்டுப் பெற வேண்டும். எரிந்த கம்ப்யூட்டரும் காயமும் இந்தக் கணக்கில் வரும். ஆனால் சேதம் நடந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றப்பட்டிருந்தாலோ விற்றவர் மீது இந்த வழக்கு நிற்காது என்று 87-ஆவது பிரிவு சொல்கிறது. பின்னை ஒடித்த பிளக்கைப் பார்த்ததும் எதிர்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்ளப் போவது இந்த வரியைத்தான். கடைக்காரரின் ஆளே வந்து ஒடித்திருந்தால் கதை வேறு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். "பின்னை எடுத்துடுங்க" என்று அவர் சொன்னால், "அதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்க அண்ணே" என்று கேட்டுப் பாருங்கள்.

சிக்கல் வந்தபின் பொருளைத் திறக்காதீர்கள், நீங்களாகச் சரிசெய்யவும் வேண்டாம். படம், வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு கடைக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால், 2020-ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. குறையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதபோது பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. பொருளைத் திறக்காதீர்கள் என்று சொன்னது அதனால்தான். சேதம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும்.

குறை பொருளில் இல்லை, வீட்டின் எர்த்திலேயே என்றால்? சொந்த வீடானால் எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த் குழியைச் சோதிப்பதற்கு ஆகும் செலவு ஒரு நல்ல ஸ்பீக்கரின் விலைகூட இராது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள், தயங்கத் தேவையில்லை. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் அட்டவணை, சுவிட்சு, சாக்கெட் பழுதுகளை வாடகைதாரர் பக்கமும் உள், வெளி ஒயரிங் வேலையை உரிமையாளர் பக்கமும் வைக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால்தான் இது மாறும். எனவே "ஐயா, கம்ப்யூட்டரைத் தொட்டா ஷாக் அடிக்குது, எர்த் ஒயரிங்கைப் பார்க்கணும்" என்று தேதி போட்டு ஒரு கடிதமோ மெசேஜோ அனுப்பிவிட்டு, நகலை வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள். எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை கம்ப்யூட்டரையும் ரிசீவரையும் இணைக்க வேண்டாம்.