வில்லங்கத்தோடு வரும் வீடு: மணமுறிவும் சட்ட உதவிக் கடனும்

பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை நம்மவர் பலர் இன்னும் 'பிட் ஸ்திரீட்' என்றுதான் சொல்கின்றனர். 1801ஆம் ஆண்டில் தோன்றிய பள்ளிவாசலும், நகைக்கடைகளும், பணமாற்றுக் கடைகளும் அச்சாலையின் அடையாளங்கள். அதன் வடக்கு முனைக்கு அருகே, லைட் ஸ்திரீட்டில், உயர் நீதிமன்றம் நிற்கிறது. முஸ்லிம் அல்லாதாரின் மணமுறிவு வழக்குகள் உயர் நீதிமன்றத்தில்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம். நகைக்கடையிலிருந்து நீதிமன்றத்துக்குச் சில நிமிட நடை. வழக்குச் செலவுக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்த பெண்களுக்கு அந்தத் தூரம் நன்றாகவே தெரியும். நகை தீர்ந்த பிறகு மிஞ்சியிருப்பது வீடு.

நீதிமன்றம் வீட்டை ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று பலரும் எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான். அந்த வீட்டைப் பெறுவதற்கான செலவு வீட்டின் தலையிலேயே ஏறிக்கொள்ளக்கூடும். இதை வெளிப்படையாகவே சட்டமாக்கி வைத்திருக்கும் நாடு இங்கிலாந்து. நமது சட்டங்கள் பலவற்றுக்கும் மூலம் அங்கு இருப்பதாலும், நம் மாணவர் பலர் அந்நாட்டுச் சட்டத்தைப் படிப்பதாலும், அங்கிருந்து தொடங்குவது பொருத்தம்.

இங்கிலாந்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைகளுக்கு அரசுச் செலவில் வழக்கறிஞரைக் கொடுத்தது. ஆனால் ஒரு நிபந்தனையும் வைத்தது. வழக்கில் ஒருவர் சொத்தைப் பெற்றாலோ, காப்பாற்றிக்கொண்டாலோ, அரசு செலவழித்த தொகைக்கு அச்சொத்தே முதல் ஈடாகிவிடும். சுருங்கச் சொன்னால், தோற்றவருக்கு அது உதவி, வென்றவருக்கு அது கடன். இன்றும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்த ஏற்பாடு நீடிக்கிறது. பெற்ற சொத்து குடியிருக்கும் வீடாக இருந்தால் உடனே கட்டச் சொல்லி நெருக்குவதில்லை. வீட்டுப் பத்திரப் பதிவில் கடனைக் குறித்துவைத்து, வீடு விற்கும்வரை காத்திருப்பார்கள். காத்திருப்பதற்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு தனிவட்டி உண்டு. 10,000 பவுன் கடன் பத்தாண்டுகளில் 18,000 பவுனாகிறது. வசதிப்படும்போது இடையிடையே கட்டிக் குறைக்கலாம். கட்டாதவர்களுக்கு, பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விற்கும் நாளில்தான் கணக்கு முழுதாகத் தெரியும்.

1980இல் பிரபுக்கள் சபை தீர்த்த ஹேன்லன் வழக்கு இதற்குச் சான்று. மணமுறிவு, பிள்ளைகளின் பொறுப்பு, வீடு ஆகிய மூன்றுக்கும் சட்ட உதவியோடு வழக்காடிய தாய்க்கு வீடு கிடைத்தது. வங்கிக் கடன் போக வீட்டின் மதிப்பு சுமார் 10,000 பவுன். அவருக்காக ஆன சட்டச் செலவோ சுமார் 8,000 பவுன். அதில் பெரும்பகுதி வீட்டைப் பற்றிய வாதத்துக்கே ஆனது. வழக்கில் உண்மையாகவே போட்டியிடப்பட்ட சொத்தின் மீதுதான் ஈடு விழும் என்றது நீதிமன்றம். கடனை வசூலிப்பதைத் தள்ளிவைக்கும் விருப்புரிமை உண்டு என்றும் கூறியது. ஆனால் அந்த வீட்டின் மீது ஈடு நின்றது. வீட்டுக்காகச் செய்த வழக்கு வீட்டையே ஏறக்குறைய தின்றுவிட்டது என்பதை எந்தச் சட்ட நுணுக்கமும் மறைக்க முடியாது.

2013 ஏப்ரலுக்குப் பின் இங்கிலாந்தில் பெரும்பாலான குடும்ப வழக்குகளுக்குச் சட்ட உதவியே இல்லை. குடும்ப வன்முறைக்குச் சான்று இருப்பவர்களுக்கே பெரும்பாலும் அது கிடைக்கிறது. கடனாகக்கூடக் கிடைக்காத நிலை அது.

நமது நாட்டுக்கு வருவோம். இங்கு 1971ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின்கீழ் அரசின் சட்ட உதவி இலாகா இயங்குகிறது. குடும்ப வழக்குகளை, சிவில், ஷரியா இரண்டிலும், அது ஏற்கிறது. வருமானத்தைச் சோதித்தே உதவி வழங்குகிறது. வரம்பு அவ்வப்போது மாற்றப்படுவதால் பழைய கணக்கை நம்பாமல் முகப்பிலேயே கேட்டறிய வேண்டும். விண்ணப்பிக்கும்போது இன்னொன்றையும் கேட்கலாம்: நாம் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு, வழக்கில் கிடைக்கும் சொத்திலிருந்து ஏதும் பிடிக்கப்படுமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் இன்னொரு வாசல். தீபகற்ப மலேசியாவின் வழக்கறிஞர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 100 ரிங்கிட் கட்டி அவற்றை நடத்துகின்றனர். லைட் ஸ்திரீட் நீதிமன்றத்தருகே, ஐரோப்பியர் அல்லாதாருக்காக வாதாடிய வழக்கறிஞர் ஜேம்ஸ் லோகனுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1869இல் மறைந்தவர் அவர். அதைக் கடந்துபோகிறவர்கள் ஒருமுறை நின்று பார்க்கலாம்.

இவ்விரு வாசல்களிலும் நுழைய முடியாதவர்கள் வருமான வரம்பைச் சற்றே தாண்டியவர்கள்: தொழிற்சாலை மேற்பார்வையாளர், எழுத்தர், தாதி, ஆசிரியை. நம் சமூகத்தில் இவர்கள் கணிசமானவர்கள். நம்மூரில் வீட்டின் மீது வழக்குச் செலவு வந்து உட்காரும் வழி இவர்களுக்குத்தான் திறந்திருக்கிறது. அரசுக்கு அல்ல, வங்கிக்கோ வட்டிக்காரருக்கோ இவர்கள் கடன்படுகின்றனர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடுக்குமாடி வீடு ஒன்றின் விலை 300,000 ரிங்கிட், வங்கிக்குப் பாக்கி 180,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 120,000. சமமாகப் பிரித்தால் மனைவிக்கு 60,000. அவரே வீட்டை வைத்துக்கொள்ள வேண்டுமானால் கணவருக்கு 60,000 கொடுக்க வேண்டும். இதற்கு மேல் வழக்குக்கு 25,000 கடன் வாங்கியிருந்தால், வங்கிப் பாக்கியோடு சேர்த்து அவர் சுமப்பது 265,000. ஒரே சம்பளம். வழக்கு இன்னும் ஓராண்டு நீண்டால் இந்த எண் ஏறுமே தவிர இறங்காது.

இவ்விடத்தில் சட்டம் சொல்வதைக் கவனிக்க வேண்டும். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சட்டச் சீர்திருத்தச் சட்டத்தின் 76ஆம் பிரிவே சொத்துப் பிரிவினைக்கு அடிப்படை. இச்சட்டம் 1982 மார்ச் 1இல் நடப்புக்கு வந்தது. 2018 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், வீட்டைப் பார்த்துக்கொண்டவரின் உழைப்பையும் திருமணம் நீடித்த காலத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. சமப் பங்கீட்டை நோக்கிச் சாயவும் சொல்கிறது. சம்பளமே வாங்காத தாய்மாருக்கு இது பெரிய மாற்றம். அதே பிரிவில், இருவரின் பொது நன்மைக்காகப் பட்ட கடன்களையும் நீதிமன்றம் கருத வேண்டும் என்றுள்ளது. வழக்காடுவதற்காக ஒருவர் பட்ட கடனைப் பொது நன்மைக் கடன் என்று வாதிடுவது கடினம். ஆகவே அதை அவரே தம் பங்கிலிருந்து தீர்க்க நேரும். இஸ்லாமியக் குடும்பங்களுக்கு வழி வேறு. பினாங்கின் 2004ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தின்கீழ், 'ஹர்த்தா செபென்சாரியான்' என்னும் கூட்டுத் தேட்டத்தை ஷரியா நீதிமன்றம் பிரிக்கிறது.

வங்கியைப் பற்றி ஒன்று. நீதிமன்ற ஆணை கணவன் மனைவியைக் கட்டுப்படுத்தும், வங்கியைக் கட்டுப்படுத்தாது. இருவரும் கையெழுத்திட்ட வீட்டுக் கடனில், வங்கி எழுத்துமூலம் விடுவிக்கும்வரை இருவருமே கடனாளிகள். "வீடு அவளுக்குப் போய்விட்டது, எனக்கென்ன" என்றிருந்தவரைத் தேடி வங்கியின் கடிதம் வந்தால் அதில் வியப்பில்லை. ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டுமானால் அவருடைய வருமானம் மட்டும் போதுமா என்று வங்கி பார்க்கும். மலிவு விலை வீடாக இருந்தால் பெயர் மாற்ற மாநில அரசின் ஒப்புதலும் தேவைப்படலாம். இவற்றைத் தீர்ப்புக்குப் பின் விசாரிப்பதைவிட, சமரசம் பேசும் முன்னரே விசாரிப்பது மேல்.

வழக்கறிஞர் கட்டணத்திலும் தெரிந்துகொள்ள வேண்டியவை உள்ளன. "இப்போது பணம் வேண்டாம், ஜெயித்தால் வீட்டில் ஒரு பங்கு கொடுங்கள்" என்ற ஒப்பந்தத்தை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற்சட்டத்தின் 112ஆம் பிரிவு தடை செய்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்னாலும் அது செல்லாது. கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் முடிவு செய்துகொள்ளலாம். கட்டணப் பட்டியல் மிகை என்று தோன்றினால் அதை நீதிமன்றத்தின் ஆய்வுக்கு அனுப்பக் கேட்கும் வழியும் உண்டு. கேட்பதற்கு நம்மவர் கூச்சப்படுகின்றனர். காய்கறிக் கடையில் பேரம் பேசுகிற நாம் இங்கு மட்டும் வாய் திறப்பதில்லை.

கடனைத் தீர்க்க ஊழியர் சேமநிதியை நாடுவோர் பலர். 2024 மே முதல் சேமநிதி மூன்று கணக்குகளாக உள்ளது. இரண்டாம் கணக்கான 'செஜாத்ரா'விலிருந்து வீட்டுக் கடனைக் குறைக்கப் பணம் எடுக்கலாம். வழக்குச் செலவு அந்தக் காரணத்தில் அடங்காது. எக்காரணமும் கேட்காமல் எடுக்கக்கூடியது 'பிளெக்சிபல்' என்னும் மூன்றாம் கணக்கிலுள்ள சிறு தொகை மட்டுமே. எனவே சேமநிதியை வீட்டுக் கடனுக்கும், மாதச் சம்பளத்தில் மிஞ்சுவதை வட்டி அதிகமான வழக்குக் கடனுக்கும் ஒதுக்குவது பலருக்குப் பொருந்தும்.

இவற்றையெல்லாம்விட மலிவான வழி, இருவரும் ஒப்பி மனுச் செய்வது. 52ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கிறது. வன்முறையும் ஏமாற்றும் உள்ள இடத்தில் இந்த அறிவுரை பயன்படாது, அங்கு வழக்காடத்தான் வேண்டும். மற்றபடி வீட்டை யார் வைத்துக்கொள்வது, வங்கித் தவணையை யார் கட்டுவது, பழைய பாக்கியை யார் தீர்ப்பது என்பவற்றை எழுதிக் கொடுத்துவிட்டால், வழக்கறிஞர் வாதாட வேண்டிய நாள்கள் குறையும். முதலில் வரும் தீர்ப்பாணை இறுதியாவதற்குப் பொதுவாக மூன்று மாதம். அதன் பிறகும் ஆணை தானாக நில அலுவலகத்துக்குப் போய்விடாது. பெயர் மாற்றத்தைப் பதிய வேண்டும். வழக்குக் காலத்தில் யாராவது வீட்டின் மீது 'கேவியட்' என்னும் தடைக்குறிப்பு போட்டிருந்தால், அது நீங்கியதா என்றும் பார்க்க வேண்டும். நீக்காவிட்டால் தனியார் தடைக்குறிப்பு ஆறு ஆண்டுகள் வரை பதிவேட்டில் கிடக்கும். அதுவரை அந்த வீட்டை விற்கவோ, புதிய கடனுக்கு ஈடு வைக்கவோ போனால், முகப்பில் இருப்பவர் கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.