உப்பும் களிமண்ணும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கே சித்தூர் வட்டம் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி ஆகிய ஊர்கள் அங்கே உள்ளன. அவற்றை அடுத்துத் தமிழ்நாட்டு எல்லை. இந்தப் பகுதியில் கரிசல் மண் உண்டு. கேரளத்தில் கரிசல் மண் அரிது. கோடையில் அது பாளம் பாளமாக வெடிக்கும். மழையில் காலோடு ஒட்டும். அதில் களி அதிகம்.

களிமண் உப்பைச் சந்தித்தால் என்ன ஆகும்? வீட்டிலேயே பார்க்கலாம்.

இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் மழைநீர் ஊற்ற வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி களிமண் போட வேண்டும். ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி உப்பும் சேர்க்க வேண்டும. இரண்டையும் நன்றாகக் குலுக்கி வைக்க வேண்டும். உப்புப் போட்ட நீர் சீக்கிரம் தெளியும். மற்றது வெகுநேரம் கலங்கலாகவே இருக்கும்.

காரணம் என்ன?

களித்துகள் மிகமிகச் சிறியது. கண்ணுக்குத் தெரியாது. எல்லாத் துகள்களிலும் ஒரே வகை மின்சாரம் இருக்கிறது. அதனால் ஒன்றை ஒன்று தள்ளும். நீரில் உப்புக் கரைந்தால் இந்தத் தள்ளுதல் குறையும். துகள்கள் நெருங்கி ஒட்டும். திரளாகும். கனத்துக் கீழே படியும்.

உப்புக் குறைந்த நீரில் திரள் தளர்வாக இருக்கும். கலக்கினால் உடையும். உப்புக் கூடினால் திரள் இறுகும். எளிதில் உடையாது. ஆனால் ஓர் அளவுக்கு மேல் உப்புச் சேர்த்தாலும் உறுதி அவ்வளவாகக் கூடாது.

ஆறு கடலில் சேரும் இடத்திலும் இதுவே நடக்கிறது. இடுக்கி மலைகளில் மழை மண்ணை அரிக்கிறது. அந்த மண் பெரியாற்றில் வருகிறது. பாலக்காட்டு மண் பாரதப்புழையில் பொன்னானிக்குப் போகிறது. கடலின் உப்புநீர் கலந்ததும் களித்துகள்கள் திரண்டு படிகின்றன. கழிமுகத்தில் சேறு சேர இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் உப்புநீர் வயலுக்கு நல்லதா?

நல்லதல்ல. உப்பு மிகுந்தால் பயிரின் வேர் நீரை உறிஞ்ச முடியாது. இன்னொரு கேடும் உண்டு. சாதாரண உப்பில் சோடியம் இருக்கிறது. உப்பான ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் சோடியம் களியில் தங்கும். பிறகு மழை பெய்யும். நீரில் உள்ள உப்புக் கழுவிப் போகும். களியில் பிடித்த சோடியம் அவ்வளவு எளிதில் போகாது. அப்போது திரள்கள் கலைந்துவிடும். நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைக்கும். தண்ணீர் உள்ளே இறங்காது. மேல்மண் காய்ந்து ஓடுபோல் இறுகும். முளை வெளியே வரத் திணறும்.

இதை அறிய ஓர் எளிய வழி உண்டு. காய்ந்த சிறு மண்கட்டியை ஒரு டம்ளர் மழைநீரில் மெதுவாகப் போட வேண்டும். அசைக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். கட்டி உதிர்ந்தும் நீர் தெளிவாக இருந்தால் கவலை இல்லை. கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கல் பரவினால் மண்ணில் சோடியம் மிகுந்திருக்கலாம்.

அப்போது மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதிக்க வேண்டும். பஞ்சாயத்தில் உள்ள கிருஷிபவனில் வழி கேட்கலாம். சோடியம் மிகுந்த மண்ணுக்கு ஜிப்சம் இடுவார்கள். ஜிப்சத்தில் கால்சியம் இருக்கிறது. அது சோடியத்தை விலக்கி, களித்துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும். பிறகு நல்ல நீர் விட்டு, விலகிய சோடியத்தை வடித்துவிட வேண்டும். எவ்வளவு ஜிப்சம் என்பதைப் பரிசோதனை சொல்லும்.

ஒரு டம்ளர் மழைநீர் போதும். மண்ணின் நிலை முன்பே தெரியும்.