இரவல் முகவரிக்கு இன்னொரு வழி

சிறு நிறுவனம் ஒன்று இணைய இணைப்பு வாங்கினால் ஐபி முகவரிகளும் கூடவே வரும். இணைப்பு தருபவர் தம்மிடமுள்ள 65,536 முகவரிகள் கொண்ட ‘ஸ்லாஷ் 16’ தொகுதியிலிருந்து 256 முகவரிகளை, அதாவது ஒரு ‘ஸ்லாஷ் 24’ஐ, ஒதுக்கித் தருவார். ஒரே கேபிளை நம்பியிருக்க முடியாமல் அந்நிறுவனம் இன்னொரு கேரியரிடமும் இணைப்பு எடுக்கிறது. இரவல் வாங்கிய அதே முகவரிகளைப் புதியவர் வழியாகவும் உலகுக்கு அறிவிக்கலாமா?

அறிவிக்கலாம். ஆனால் ரவுட்டர்களின் அடிப்படை விதியை மறக்கக் கூடாது. ஒரு முகவரிக்கு இரண்டு அறிவிப்புகள் பொருந்தினால், சிறிய தொகுதிக்கான அறிவிப்பே வெல்லும். தூரமோ வேகமோ அங்கே கணக்கில்லை. பழையவர் ஸ்லாஷ் 16 ஐ மட்டும் அறிவிக்க, புதியவர் ஸ்லாஷ் 24 ஐ அறிவித்தால், வெளியிலிருந்து வரும் போக்குவரத்து ஏறக்குறைய முழுவதும் புதியவர் பக்கம் சாய்ந்துவிடும். பழைய இணைப்புக்கு வாடகை மட்டும் போய்க்கொண்டிருக்கும். அதனால் அந்த ஸ்லாஷ் 24 ஐத் தனியாக அறிவிக்கும்படி பழையவரிடமும் கேட்க வேண்டும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. தம் முகவரிகள் வெளியிலிருந்து அறிவிப்பாக வந்தால் பழையவரின் ரவுட்டர்கள் அவற்றைத் தள்ளிவிடுவது வழக்கமான பாதுகாப்பு ஏற்பாடு. அதைத் தளர்த்தாவிட்டால், பழைய இணைப்பு அறுந்த நேரத்தில் உலகமெல்லாம் நம்மை வந்தடையும். பழையவரின் மற்ற வாடிக்கையாளர்களால் மட்டும் முடியாது. எந்த விபத்துக்காக இரண்டாம் இணைப்பு எடுத்தோமோ, அதே விபத்தில் அது அரைகுறையாகத்தான் உதவும். அறிவிப்பு தொடங்கியதுமே பழைய இணைப்பைத் துண்டித்துச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

சிறிய தொகுதி வெல்லும் என்பதன் வலிமையை 2008 பிப்ரவரி 24 அன்று உலகம் கண்டது. யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்க முயன்ற பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் 1,024 முகவரிகளில் 256 ஐத் தன்னுடையதாக அறிவித்தது. ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ அதை அப்படியே வெளியே கடத்தியது. சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் எட்டவில்லை.

பிறர் முகவரியை அறிவிக்க உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைக் கேரியர்கள் கேட்பது இதுபோன்ற ஆபத்தைத் தவிர்க்கத்தான். ஆர்பிகேஐ என்னும் சான்றிதழ் முறையிலும் அந்த அனுமதி பதிவாக வேண்டும். பழையவரின் பதிவு ஸ்லாஷ் 16 ஐ மட்டும் அனுமதித்தால், நம் ஸ்லாஷ் 24 செல்லாததாகி, பல பெரிய வலையமைப்புகளில் நுழையாது.

பழையவரை விட்டு விலகினால் முகவரிகளையும் பொதுவாகத் திருப்பித் தர வேண்டியிருக்கும். பிறகு ஒவ்வொரு சர்வருக்கும் புது எண்தான்.