கையெழுத்துக்குப் பின் தொடங்கும் வேலை

வட அயர்லாந்தில் முப்பது ஆண்டுகள் நீடித்த மோதல் 3,500-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 1998 ஏப்ரல் 10-இல் புனித வெள்ளி உடன்படிக்கை உருவானது. அடுத்த மாத வாக்கெடுப்பில் அங்கு வாக்களித்தவர்களில் 71 சதவீதத்தினர் அதை ஏற்றனர். ஆனாலும் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் குடியிருப்புகளைப் பிரித்து பெல்ஃபாஸ்டில் எழுப்பப்பட்ட ‘அமைதிச் சுவர்கள்’ பல இன்னும் இடிக்கப்படவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் இன்றும் தனித்தனிப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். துப்பாக்கி ஓய்ந்தும் பிரிவினை ஏன் ஓயவில்லை? இதை ஆராய்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர்கள் அமைதி ஆய்வாளர்கள்.

துறையின் அடித்தளம்

நார்வே அறிஞர் யோஹான் கால்டுங் 1959-இல் ஆஸ்லோவில் அமைதி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். சண்டை நின்றிருப்பது ‘எதிர்மறை அமைதி’. சண்டைக்குக் காரணமான அநீதியும் நீங்குவது ‘நேர்மறை அமைதி’ என்று அவர் வகுத்தார். முதலாவதிலிருந்து இரண்டாவதற்குச் செல்லும் வழியைத் தேடுவதே இத்துறையின் நோக்கம்.

களமும் வகுப்பறையும்

களத்தையும் வகுப்பறையையும் இணைப்பதற்கு அமைதி ஆய்வாளர் மாரி ஃபிட்ஸ்டஃப்பின் பயணம் நல்ல சான்று. 1990-இல் வட அயர்லாந்துச் சமூக உறவுகள் மன்றத்தின் முதல் தலைமை நிர்வாகியானார். பின்னர் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் மோதல் ஆய்வு மையத்தை வழிநடத்தினார். அடுத்து அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் சகவாழ்வுக்கான முதுநிலைப் படிப்பை உருவாக்கினார். களத்தில் கற்றதை வகுப்பறைக்குக் கொண்டு சென்றவர் அவர்.

அரசியல் அறிவியல், உளவியல், சட்டம், வரலாறு என எந்தத் துறையிலிருந்தும் அமைதி ஆய்வுக்குள் வரலாம். உள்ளூர் மொழியும், இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்கும் பழக்கமும் கட்டாயம் வேண்டும். மக்களைச் சந்திக்க வைத்தாலே பகை கரையும் என்று நம்பிவிடக் கூடாது. சம மதிப்பு, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, நிறுவன ஆதரவு ஆகியவை இருந்தால்தான் சந்திப்பு பலன் தரும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே விளக்கினார்.

வாக்குறுதியின் விலை

வட அயர்லாந்தின் முன்னாள் போராளிகளிடம், உயிரோடிருக்கும்வரை ரகசியம் காக்கப்படும் என்று சொல்லி, அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரித் திட்டம் ஒன்று வாக்குமூலங்களைப் பதிவு செய்தது. 2011-இல் வட அயர்லாந்துக் காவல்துறைக்காக அமெரிக்க அதிகாரிகள் அந்தப் பதிவுகளைக் கேட்டுச் சட்ட ஆணை பிறப்பித்தனர். சில பதிவுகள் ஒப்படைக்கப்பட்டன. சட்டம் அனுமதிக்காத உறுதியை ஆய்வாளர் தரக் கூடாது. பேசியவரின் உயிரே அதனால் ஆபத்துக்குள்ளாகும்.

ஆய்வாளர் மீதான நம்பிக்கை ஓரிரு ஆண்டுகளில் உருவாவதில்லை. குறுகிய கால நிதி முடிந்ததும் ஆய்வாளர் வெளியேற நேர்ந்தால், மக்கள் அவரிடம் வைத்த நம்பிக்கையும் அறுபடும். பிளவுபட்ட நாடுகளின் பல்கலைக்கழகங்கள் அமைதி ஆய்வுக்கு நிரந்தரப் பணியிடங்களை உருவாக்க வேண்டும். உடன்படிக்கைகளுக்குச் செலவிடும் அரசுகள் அதற்கும் நிதி ஒதுக்க வேண்டும்.