கேரியரில் ஆனிங் மாட்டுமுன்

‘எல்லாரும் மாட்டுறாங்க சார், ஒண்ணும் ஆகாது.’ கார் அலங்காரக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. வால்பாறைச் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் கூரைக் கேரியரின் ஓரத்தில் நீளமான கறுப்புப் பையைச் சுமந்து போகும் வண்டிகள் பெருகிவிட்டன. வண்டியை நிறுத்திப் பையின் ஜிப்பைத் திறந்து இழுத்தால் இரண்டு நிமிடத்தில் நிழல்; இந்தத் துணிப்பந்தல்தான் ஆனிங். வெயில் நாட்டுக்கு ஏற்ற சாமான்தான். ஆனால் நாளை அது காற்றில் பிய்த்துக்கொண்டு போனாலோ, சோதனையில் சலான் விழுந்தாலோ, அந்த ‘எல்லாரும்’ உங்களோடு வந்து நிற்கப்போவதில்லை. பொறுப்பு வண்டிச் சொந்தக்காரர் தலையில்தான் முதலில் விழும். அதில் ஒரு பங்கையாவது பொருத்தியவரிடமும் விற்றவரிடமும் திருப்பி வைக்க வழி உண்டு. அதற்கான ஏற்பாட்டை மாட்டும் நாளிலேயே செய்துகொள்ள வேண்டும்.

முதலில் வண்டிக்குள் கிடக்கும் கையேட்டை எடுங்கள். கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று அதில் போட்டிருக்கும். பெரும்பாலான கார்களுக்கு அது 50 கிலோவிலிருந்து 100 கிலோவுக்குள் முடிந்துவிடும். இந்த எண்ணில் கேரியரின் எடையும் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இரும்புக் கேரியர் ஒன்றே 25, 30 கிலோ வரும். சாதாரண ஆனிங் 10 முதல் 15 கிலோ. வண்டியைச் சுற்றி விசிறிபோல விரியும் 270 டிகிரி வகை அதைப்போல இரு மடங்குகூட ஆகும். 50 கிலோ கூரையில் இவற்றை ஏற்றியபின் வேறு சுமைக்கு அதிக இடம் மிஞ்சாது. வண்டி நிற்கும்போது கூரை இதைவிட அதிகம் தாங்கும் என்பது உண்மையே. கையேட்டில் உள்ளது ஓடும்போது, பள்ளத்தில் குதிக்கும்போது, திடீரென்று பிரேக் பிடிக்கும்போது தாங்க வேண்டிய அளவு. ஓட்டும்போது அதுதான் கணக்கு.

இன்னொரு பொறி, அழகுக்கு வைத்த ரெயில். கூரையின் இரு ஓரமும் பளபளப்பாக ஓடும் கம்பிகள் எல்லாமே சுமை தாங்குபவை அல்ல. சில மாடல்களில் அவை வெறும் ஒப்பனை. பார்த்தால் தெரியாது, கையேட்டைப் படித்தால்தான் தெரியும். ஒப்பனை ரெயிலில் கேரியரை மாட்டித் தரும் கடையும் உண்டு, கூரைத் தகட்டில் துளை போட்டுத் தரும் கடையும் உண்டு. துளை வழியே முதல் மழையில் நீர் கசியும், பிறகு துரு ஏறும். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள வண்டியில் அதன் குழலும் வயரும் கூரை ஓரத்தின் உட்புறமாகத்தான் போகின்றன. அங்கே டிரில் வைக்கக் கேட்டால், கடையை மாற்றுவதே நல்லது.

ஆனிங்கின் உண்மையான எதிரி காற்று. இரண்டரை மீட்டருக்கு இரண்டு மீட்டர் விரிப்பு என்றால் 5 சதுர மீட்டர் துணி. மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அதில் நேராக மோதினால் சுமார் 38 கிலோ எடை இழுப்பதற்குச் சமமான விசை. 60 கிலோமீட்டரில் அது 85 கிலோவைத் தாண்டும். காற்றின் வேகம் ஒன்றரை மடங்கானால் விசை இரண்டேகால் மடங்காகும். இத்தனையும் போய்ச் சேர்வது, கேரியர் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று ‘எல்’ கிளாம்புகளில். அதனால் வெளி மூலைகள் இரண்டிலும் கயிறு கட்டி முளை அடிக்காமல் ஆனிங்கை விட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. மழையும் சளைத்ததல்ல. துணி தொய்ந்து, சராசரியாக ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினால் 5 சதுர மீட்டரில் 50 லிட்டர், அதாவது 50 கிலோ. ஆனிங்கின் ஒரு காலை இறக்கிச் சரிவு வைத்தால் தீர்ந்தது.

சுருட்டி வைத்த பை ஓடும்போது வேறு வகைத் தொல்லை தரும். இடைவிடாத அதிர்வில் போல்ட் தளரும். நைலான் பூட்டு நட் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒரு முறையும், பிறகு ஒவ்வொரு நெடும்பயணத்துக்கு முன்பும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். நம் ஊரில் பையை இடப்பக்கம் மாட்டுவதே முறை. வலப்பக்கம் மாட்டினால் விரிக்கும்போது துணி ஓடும் வண்டிகளுக்குள் நீளும். சுற்றுத்திரை போட்டு ஆனிங்கை அறைபோல மூடிக்கொள்பவர்கள் அதற்குள் அடுப்போ கரியோ மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ‘மாற்றம்’ எது என்பதற்கும் அங்கேயே விளக்கம் உண்டு: வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாகவே பொருள் கொண்டது. உற்பத்தியாளர் குறிப்புக்கு முரணான மாற்றத்தை மாநில விதியைக் காட்டி நியாயப்படுத்த முடியாது என்றது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விதிக்கு முரணாக மாற்றித் தரும் வாகன விற்பனையாளருக்கு வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

அப்படியானால் ஆனிங் மாட்டுவதே குற்றமா? கிளாம்பு போட்டு மாட்டி, ஸ்பேனரால் கழற்றி வைக்கக்கூடிய துணைப்பொருள் கட்டமைப்பு மாற்றம் ஆகாது என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. பற்றவைத்த சட்டகத்துக்கு அந்த இடமில்லை. ஆனாலும் சாலையில் முதலில் முடிவு செய்பவர் எதிரே நிற்கும் அதிகாரி. உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் படம், எடை, அளவோடு ஒரு மனு எழுதி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டாலும் மறைத்துச் செய்யவில்லை என்பதற்கு அது சாட்சி. சலான் எழுதினால் எந்தப் பிரிவின்கீழ் என்பதைக் குறிக்கச் சொல்லுங்கள். அதை அங்கேயே கட்டியாக வேண்டும் என்பதில்லை, நீதிமன்றத்தில் மறுக்கலாம். ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக்கொண்டால் 206-ஆம் பிரிவின்படி ஒப்புகை தர வேண்டும். ஏற்றிய சுமை உடலின் பக்கவாட்டிலோ உயரத்திலோ அளவை மீறி நீட்டிக்கொண்டிருந்தால் அது தனிக் கணக்கு: 194(1ஏ) பிரிவில் 20,000 ரூபாய்.

இதில் அதிகம் அடிபடக்கூடியவர்கள் சுற்றுலா போகிறவர்கள் அல்லர். பழைய ஆம்னி வேனை வாங்கி, கூரையிலிருந்து தகரச் சரிவோ தார்ப்பாயோ இறக்கி, பிரியாணியோ டிபனோ விற்றுப் பிழைப்பவர்கள். அவர்களில் பலருடையது சொந்த உபயோகத்துக்கான பதிவு, சொந்த உபயோகத்துக்கான பாலிசி. வழக்கமான தனியார் கார் பாலிசியில், மாதிரிப் பொருளும் சொந்தச் சாமானும் தவிர வேறு சரக்கு ஏற்றக் கூடாது என்ற வரி உண்டு. அண்டாவோடு வண்டி கவிழ்ந்தால் காப்பீட்டு நிறுவனம் காட்டப்போவது அந்த வரியைத்தான். இந்தத் தொழிலில் இறங்குபவர் ஆனிங்குக்குச் செலவழிக்குமுன் பதிவையும் பாலிசியையும் மாற்றிக்கொள்வது கட்டாயம். அப்புறம் துணிப்பந்தலா தகரமா என்று யோசிக்கலாம். என்னைக் கேட்டால் துணி. தகரம் பற்றவைப்பு கேட்கும்.

சொந்தக் காராகவே இருந்தாலும் கேரியரையும் ஆனிங்கையும் பாலிசியில் துணைப்பொருளாகச் சேர்க்காவிட்டால், அவை போனால் போனதுதான். கூடுதல் பிரீமியம் பெரிதாக வராது. மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்துவைப்பது முகவரின் வாய்வார்த்தையைவிடப் பத்திரம். ஆனிங்கைக் காரணம் காட்டி மொத்த இழப்பீட்டையும் மறுத்தால் அப்படியே விட்டுவிட வேண்டாம். பயன்பாட்டு நிபந்தனையை மீறியிருந்தாலும் இழப்பீட்டில் ஒரு பகுதியைத் தரவேண்டும் என்ற நிலையை உச்ச நீதிமன்றம் 2010-இல் எடுத்திருக்கிறது. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

பிய்ந்து பறந்த ஆனிங் பின்னால் வந்த பைக் ஓட்டுநர்மேல் விழுந்தால் கதை வேறு. அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை. அடிபட்டவர் அல்லது அவர் குடும்பத்தார் மோட்டார் விபத்து உரிமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். 2019 திருத்தத்தின்படி அதற்கு ஆறு மாதக் கெடு.

அதே ஆனிங் கிளாம்பின் குறையாலோ, தப்பாகப் பொருத்தியதாலோ பிய்ந்ததென்றால் நீங்களும் நுகர்வோர்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தயாரித்தவர், பொருத்திய சேவையாளர், விற்றவர் மூவரையும் பொருள் பொறுப்புக்குள் கொண்டுவருகிறது. எவ்வளவு காற்றில் மடக்க வேண்டும், எவ்வளவு எடைக்கு மேல் கூடாது என்று சரியான எச்சரிக்கை தராததும் தயாரிப்பாளரின் குறையே. ஆனால் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியவருக்கும் மாற்றியமைத்தவருக்கும் விற்றவர்மேல் வழக்குப் போடும் கதவை அதே சட்டம் சாத்துகிறது. கூரை எடைக் கணக்கு இங்கேயும் வந்து நிற்கும். ஆகவே ஜிஎஸ்டி பில்லில் பொருளின் பெயரோடு ‘பொருத்துக்கூலி’ என்று தனியாக எழுதச் சொல்லுங்கள். பில் போட்டால் விலை ஏறும் என்று கடைக்காரர் சொன்னால், அந்த வித்தியாசத்தைக் கொடுத்துவிடுவதே லாபம். பொருத்தியதும் ஒவ்வொரு கிளாம்பையும் படமெடுங்கள். பிய்ந்தபின் உடைந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள். கடையில் ‘சரிபண்ணித் தர்றோம்’ என்று வாங்கி வைத்துக்கொள்ளவும் விடாதீர்கள்.

ஆன்லைனில் வாங்கியிருந்தால் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, வாங்கிய ஊரில் இல்லாமல் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கெடு இரண்டு ஆண்டு.